நினைவகத் துண்டாக்கமும் நிலையளவு இடையகங்களும்: தென்காசி, குற்றாலம் சார்ந்த தமிழ்த் தரவுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் நினைவகத்தில் போதிய வெற்றிடம் இருந்தும் கேட்ட அளவில் தொடர்ச்சியான இடம் கிடைக்காத நிலையே நினைவகத் துண்டாக்கம் எனப்படும். இதனைத் தவிர்க்க இயங்குதளத்தின் கருநிரல் பல இடங்களில் நிலையான அளவுள்ள இடையகங்களைக் கையாளுகிறது. அவ்வளவுகள் பைட்டுக் கணக்கில் அமைந்தவை. ஒருங்குறித் தமிழில் ஓர் எழுத்து 3 முதல் 6 பைட்டு வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் இடம் கொள்ளும். எனவே துண்டாக்கத்தைத் தவிர்க்கும் ஏற்பாட்டின் விலையில் ஒரு பகுதியைத் தமிழ்த் தரவு தர நேர்கிறது. லினக்ஸ் கருநிரலின் ஒதுக்கீட்டு முறைகளை விளக்கி, அவை தென்காசி, குற்றாலம் பகுதி இலக்கியத் தரவுகளின் பெயர்களையும் பாடத்தையும் எங்ஙனம் பாதிக்கின்றன என்பதை எண்வழி நிறுவுவதும், மின்னுருவாக்கத்தில் கைக்கொள்ள வேண்டிய நெறிகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: கருநிரல், நினைவகத் துண்டாக்கம், இடையகம், ஒருங்குறி, மின்னுருவாக்கம், தென்காசி, குற்றாலம்

1. முன்னுரை

தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த அதிவீரராம பாண்டியரின் நைடதம், காசி காண்டம் முதலியனவும், தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி, குற்றாலத் தலபுராணம் முதலியனவும் இவ்வட்டாரத்தின் இலக்கியச் செல்வங்கள். இத்தகைய நூல்கள் ஓலையிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து மின்னுருவுக்கும் வந்துள்ளன. ஏட்டுச்சுவடியில் எழுத்துச் சிதைவது கறையானாலும் ஓலை முறிவாலும் என்பதை ஆய்வாளர் அறிவர். மின்பாடத்தில் எழுத்துச் சிதைவதற்கான காரணங்களுள் ஒன்று கணினியின் நினைவக ஒதுக்கீட்டில் உள்ளது என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை. பாடவேறுபாடு என்று பின்னாளில் ஒருவர் குறித்துவைக்கும் ஒரு வடிவம், உண்மையில் ஓர் இடையகத்தின் எல்லையில் நேர்ந்த வெட்டாக இருக்கக்கூடும். ஆகவே இப்பொருள் கணினியியலார்க்கு மட்டும் உரியதன்று, பதிப்பாசிரியர்க்கும் உரியது.

2. கருநிரலும் இடையகமும்

இயங்குதளத்தின் நடுவே நின்று, நினைவகம், செயலி, வட்டு, வலையமைப்பு ஆகியவற்றை எல்லா நிரல்களுக்கும் பங்கிட்டுத் தரும் நிரலே கெர்னல் எனப்படும் கருநிரல். இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது, மூல நிரல் எவரும் காணத்தக்கதாக உள்ள லினக்ஸ் கருநிரல்.

வேகம் வேறுபட்ட இரு பகுதிகளுக்கு இடையே தரவைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்கும் நினைவகப் பகுதி இடையகம். இதன் பணியைச் சிற்றாற்றுப் பாசனத்தைக் கொண்டு விளக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் குற்றால மலையில் பெய்யும் மழை சிற்றாற்றில் விரைந்து இறங்குகிறது. வயலோ அந்நீரைச் சிறிது சிறிதாகவே ஏற்கும். இடையில் உள்ள குளம் இவ்விரு வேகங்களையும் பொருத்துகிறது. வட்டிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ வரும் தரவுக்கும் அதனைப் படிக்கும் நிரலுக்கும் இடையே இடையகம் செய்வதும் இதுவே. குளத்துக்குக் கொள்ளளவு உண்டு, இடையகத்துக்கும் உண்டு. அக்கொள்ளளவை யார், எதைக் கொண்டு அளந்தனர் என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

3. துண்டாக்கத்தின் இருவகை

துண்டாக்கம் புறத் துண்டாக்கம், அகத் துண்டாக்கம் என இருவகைப்படும். குற்றாலத்தில் சாரல் காலத்தில் நிரம்பும் ஒரு விடுதியைக் கருதுக. ஒரே வரிசையில் 20 அறைகள். ஒற்றைப்படை எண்ணுள்ள அறைகளில் ஆட்கள் தங்கியுள்ளனர். இரட்டைப்படை எண்ணுள்ள 10 அறைகள் காலி. அடுத்தடுத்த இரண்டு அறைகள் வேண்டும் என்று வரும் ஒரு குடும்பத்துக்கு அவ்விடுதியில் இடமில்லை. பாதி விடுதி காலியாக இருப்பது உண்மை. இடமில்லை என்பதும் உண்மை. இது புறத் துண்டாக்கம்.

இன்னொரு விடுதியில் எல்லா அறைகளும் நால்வர் தங்கும் அளவின. மூவர் வந்தாலும் ஓர் அறை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கப்படும். நான்காம் கட்டில் கணக்கில் நிரம்பியது, பயனில் வெறுமையானது. இது அகத் துண்டாக்கம்.

ஒன்றைக் குறைக்க முயன்றால் மற்றொன்று மிகுவது இவ்விரண்டின் இயல்பு. கேட்ட அளவுக்கே துல்லியமாக வெட்டிக் கொடுத்தால் சிறு வெற்றிடங்கள் எங்கும் சிதறும். ஒரே அளவில் கொடுத்தால் சிதறல் குறையும். உள்ளே வீணாவது கூடும். துல்லிய அளவில் ஒதுக்கும் அமைப்பு சமநிலையை எட்டும்போது, பயன்பாட்டிலுள்ள தொகுதிகளின் எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதியளவு வெற்றிடங்கள் சிதறிக் கிடக்கும் என்று டொனால்ட் நூத் 1968இல் வெளிவந்த தம் நூலின் முதல் தொகுதியில் காட்டினார். ஐம்பது விழுக்காட்டு விதி என அது வழங்கப்படுகிறது.

4. லினக்ஸ் கையாளும் முறைகள்

4.1 இணைத்தொகுதி முறை

லினக்ஸ் நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுக்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட்டு. பக்கங்கள் 1, 2, 4, 8 என இரண்டின் அடுக்குகளில் தொகுக்கப்பட்டு ஒதுக்கப்படும். கென்னத் நோல்ட்டன் 1965இல் வெளியிட்டு விளக்கிய இம்முறையில், 8 பக்கத் தொகுதியைப் பிளந்தால் 4 பக்க அளவுள்ள இரு இணைகள் கிடைக்கும். இரண்டும் விடுவிக்கப்பட்டதும் அவை மீண்டும் கூடி 8 பக்கமாகும். 3 பக்கம் கேட்டவர்க்கு 4 பக்கம் தரப்படும். ஒரு பக்கம் அகத் துண்டாக்கமாகும்.

ஒரு தொகுதி தன் இணையோடு மட்டுமே கூடும். பக்கங்களுக்கு 0 முதல் எண்ணிட்டால் 2உம் 3உம் இணைகள். 3உம் 4உம் அண்டை வீட்டார் ஆயினும் இணைகள் அல்ல. எனவே 3, 4 ஆகிய இரண்டும் காலியாக இருந்தாலும் இரு பக்கத் தொகுதியாகக் கருதப்படா. விரைவுக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட குறை இது.

4.2 ஒருபொருள் தொகுப்பு முறை

கருநிரலுக்கு அடிக்கடி தேவைப்படுவன முழுப் பக்கங்கள் அல்ல. சில பத்து அல்லது சில நூறு பைட்டு அளவுள்ள சிறு பதிவுகள். இவற்றுக்காக ஜெஃப் பான்விக் சன் நிறுவனத்தின் இயங்குதளத்துக்கென வகுத்து 1994இல் விளக்கியது ஸ்லாப் முறை. ஒரே வகைப் பதிவுகளை ஒரே பக்கத்தில் அடுக்கி வைத்து, விடுவிக்கப்பட்ட இடத்தை அதே வகைக்கு மீண்டும் தருவது இதன் சாரம். எல்லாம் ஒரே அளவாதலால் எந்த வெற்றிடமும் அடுத்து வரும் பதிவுக்குப் பொருந்தும். லினக்ஸில் 2007 முதல் ஸ்லப் எனும் எளிமைப்படுத்திய வடிவம் இடம்பெற்றது. 2024இல் பழைய ஸ்லாப் வடிவம் நீக்கப்பட்டது.

கோப்புப் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் கோப்பகப் பதிவு இதற்கு நல்ல சான்று. 64 பிட் கணினியில் இதன் அளவு பொதுவாக 192 பைட்டு. ஒரு பக்கத்தில் 21 பதிவுகள் அடங்கும். 64 பைட்டு எஞ்சும். இம்முறையிலும் துண்டாக்கம் முற்றிலும் ஒழியவில்லை. 21 பதிவுகளுள் 20 விடுவிக்கப்பட்டு ஒன்று மட்டும் பயன்பாட்டில் இருந்தால், அப்பக்கத்தை வேறு பணிக்கு எடுக்க இயலாது.

4.3 இனம்பிரித்தலும் நெருக்கலும்

விடுதியில் தங்கியிருப்போருள் சிலரை வேறு அறைக்கு மாற்றலாம். நிலையாகக் குடியிருப்பவரை மாற்ற இயலாது. நினைவகப் பக்கங்களும் அத்தகையன. பயனர் நிரல்களின் பக்கங்கள் இடம்பெயரத்தக்கவை. கருநிரல் தனக்கென வைத்துக்கொள்பவை பெரும்பாலும் பெயராதவை. பெயராத ஒன்று நடுவில் அமர்ந்தால் அதனைச் சுற்றியுள்ள வெற்றிடம் ஒன்றுசேராது. மெல் கோர்மன் வகுத்த இனம்பிரிக்கும் முறை 2008 தொடக்கத்தில் வெளியான 2.6.24ஆம் பதிப்பில் நிறைவுற்றது. பெயர்வன, மீட்கத்தக்கன, பெயராதன என அது பக்கங்களை வெவ்வேறு பகுதிகளில் வைத்தது. 2010இல் வந்த 2.6.35ஆம் பதிப்பு, பெயரத்தக்க பக்கங்களை ஒருபுறம் ஒதுக்கி வெற்றிடத்தைத் திரட்டும் நெருக்கல் முறையைச் சேர்த்தது. 2 மெகாபைட்டுப் பெரும்பக்கத்துக்கு 512 பக்கங்கள் தொடர்ச்சியாக வேண்டியிருப்பதால் இத்தகைய திரட்டல் இன்றியமையாததாகிறது.

இம்முறைகள் அனைத்தையும் தொகுத்து நோக்கினால் ஒரு பொதுநெறி புலனாகும். துண்டாக்கத்துக்கு எதிராகக் கருநிரல் கண்ட வலிமையான மருந்து, அளவை முன்கூட்டியே நிலைப்படுத்துதல். நிலைப்படுத்திய அளவுக்கு வெளியே நிற்கும் தரவு ஒன்று கூடுதல் இடம் கேட்க வேண்டும். அல்லது வெட்டுப்பட வேண்டும். அல்லது மறுக்கப்பட வேண்டும். தமிழ்த் தரவு இம்மூன்றையும் சந்திக்கிறது.

5. தமிழ் எழுத்தின் பைட்டளவு

லினக்ஸில் பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையை 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தனர். இதில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட்டு. தமிழ்ப் பகுதியிலுள்ள குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு. ககரம் 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகளாகும். ஒருங்குறியில் அகரமல்லாத உயிர்மெய்யும் மெய்யும் தனிக் குறியெண் பெறவில்லை. 'கு' என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியெண். ஆகவே 6 பைட்டு. 'ற்' என்பது றகரமும் புள்ளியும் சேர்ந்து 6 பைட்டு.

இக்கணக்கின்படி 'தென்காசி' நான்கு எழுத்து, 8 குறியெண், 24 பைட்டு. 'குற்றாலம்' ஐந்து எழுத்து, 9 குறியெண், 27 பைட்டு. இதே 'தென்காசி' எட்டு பிட் குறியேற்றமான திஸ்கியில் 7 பைட்டில் அடங்கியது. ஆங்கில எழுத்திலும் அப்பெயருக்கு 7 பைட்டே. திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோது உலகளாவிய பொதுமை கிடைத்தது. பைட்டளவு மும்மடங்குக்கு மேல் கூடியது.

6. நிலையளவு எல்லைகளில் தமிழ்

6.1 16 பைட்டு: செயல்முறைப் பெயர்

இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலின் பெயரையும் கருநிரல் 16 பைட்டு இடையகத்தில் வைக்கிறது. இறுதிப் பைட்டு முடிவுக் குறிக்கு உரியது, எஞ்சுவன 15. ஆங்கிலத்தில் 15 எழுத்து. தமிழில் 5 குறியெண். 'தென்காசி' என்று பெயரிட்ட நிரல் செயல்முறைப் பட்டியலில் 'தென்க' என நிற்கும். 'குற்றாலம்' என்று பெயரிட்டது 'குற்ற' என நிற்கும். ஊர்ப்பெயர் பொருள் மாறி வேறொரு சொல்லாகத் தோன்றும் இவ்விடத்தில் பிழைச்செய்தி எதுவும் எழாது. வெட்டு அமைதியாக நிகழ்கிறது.

6.2 32 அல்லது 40 பைட்டு: கோப்பகப் பதிவின் உள்ளிடம்

மேலே கூறிய 192 பைட்டுக் கோப்பகப் பதிவினுள்ளேயே குறும்பெயர்களுக்கு இடம் உண்டு. 64 பிட் கணினியில் இது நெடுங்காலம் 32 பைட்டாக இருந்தது. அண்மைப் பதிப்புகளில் 40 பைட்டு. இதற்குள் அடங்காத பெயருக்குக் கருநிரல் தனி இடையகம் ஒன்றை ஒதுக்க வேண்டும். தனியிடம் 64, 96, 128, 192, 256 என வரையறுத்த அளவுகளிலேயே தரப்படும்.

'திரிகூடராசப்பக்கவிராயர்_குற்றாலக்குறவஞ்சி' என்னும் பெயரை எடுத்துக்கொள்க. முதற்பகுதி 23 குறியெண், 69 பைட்டு, பின்பகுதி 17 குறியெண், 51 பைட்டு, அடிக்கோடு ஒன்று. நான்கு பைட்டுள்ள பின்னொட்டும் சேர்ந்தால் 125 பைட்டு. கருநிரல் தன் தேவைக்குச் சேர்க்கும் 17 பைட்டையும் கூட்ட 142 ஆகும். இதற்குப் பொருந்தும் அடுத்த அளவு 192. வீணாவது 50 பைட்டு. அகத் துண்டாக்கத்தின் தெளிவான எடுத்துக்காட்டு இது. நூற்பெயரை மட்டும் உரோமன் எழுத்தில் சுருக்கமாக எழுதினால் அது உள்ளிடத்திலேயே அடங்கியிருக்கும்.

இத்தகைய பெயருள்ள ஒரு இலட்சம் கோப்புகள் ஒருங்கே நினைவில் இருந்தால் கூடுதலாகத் தேவைப்படுவது 1,92,00,000 பைட்டு. ஏறத்தாழ 4762 பக்கங்கள். பெரிய வழங்கிக் கணினிக்கு இது பொருட்படுத்தத்தக்கதன்று. நினைவகம் குறைந்த சிறு கருவிகளில் மட்டுமே இது கருதத்தக்கது. இதனை மிகைப்படுத்திக் கூறுதல் முறையாகாது. இழப்பின் முதன்மையான இடங்கள் அடுத்து வருவன.

6.3 255 பைட்டு: பெயரின் மேல்வரம்பு

லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்புகளில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. தமிழில் இது 85 குறியெண். மேலே கண்ட பெயரில் 24 எழுத்துக்கு 40 குறியெண் செலவாகியுள்ளது. அவ்விகிதத்தில் 85 குறியெண் என்பது ஏறத்தாழ 51 எழுத்து. ஆசிரியர் பெயர், நூற்பெயர், படலம், ஏட்டெண், படியெடுத்த நாள் ஆகிய அனைத்தையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் வழக்கமுள்ள பணிகளில் இவ்வரம்பு எளிதில் கடக்கப்படும். விண்டோஸின் கோப்பமைப்பு 255 என்பதைப் பதினாறு பிட் அலகுகளில் கணக்கிடுகிறது. ஆகவே அங்கு 255 தமிழ்க் குறியெண்களுக்கு இடமுண்டு. அங்குச் செல்லுபடியாகும் பெயர் லினக்ஸ் வழங்கிக்குப் படியெடுக்கும்போது மறுக்கப்படும். ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒருங்கே படியெடுக்கையில், மறுக்கப்பட்ட சிலவற்றின் பிழைச்செய்தி கவனிக்கப்படாமல் போனால், தொகுப்பில் இடைவெளி விழும்.

6.4 4096 பைட்டு: பாடத்தின் வெட்டெல்லை

கோப்பின் பாடத்தைக் கருநிரல் பக்கம் பக்கமாகவே நினைவகத்தில் வைக்கிறது. நிரல்களும் 4096 பைட்டையோ அதன் மடங்கையோ ஒரு வாசிப்பலகாகக் கொள்வது பெருவழக்கு. 4096ஐ 3ஆல் வகுத்தால் ஈவு 1365, மீதி 1. இடைவெளியே இல்லாத தூய தமிழ்ப் பாடத்தில் 1366ஆம் குறியெண்ணின் முதற் பைட்டு ஒரு பக்கத்திலும் பிந்தைய இரண்டு பைட்டு அடுத்த பக்கத்திலும் விழும். இடைவெளியும் நிறுத்தக்குறியும் கலந்த பாடத்திலும் இத்தகைய வெட்டு அடிக்கடி நேரும்.

இங்குப் பிழை கருநிரலினுடையதன்று. அது பைட்டுகளை மாற்றாமல் ஒப்படைக்கிறது. ஒவ்வோர் இடையகத்தையும் தனித்தனியாக எழுத்தாக மாற்ற முயலும் பயனர் நிரலில்தான் எழுத்துச் சிதைகிறது. குறையாக நின்ற பைட்டுகளின் இடத்தில் கருஞ்சாய்சதுரத்துள் கேள்விக்குறி தோன்றும். அவ்வடிவிலேயே சேமித்தால் மூல எழுத்தை மீட்க இயலாது.

இதனினும் நுட்பமானது, வெட்டு குறியெண்ணின் எல்லையிலேயே பொருந்தி விழுவது. 'குற்றாலநாதர்' 12 குறியெண், 36 பைட்டு. 32 பைட்டில் வெட்டினால் 'குற்றாலநாத' என்பதும் இரண்டு அரைகுறைப் பைட்டுகளும் எஞ்சும். சிதைவு கண்ணுக்குப் புலப்படும். 33 பைட்டில் வெட்டினால் 'குற்றாலநாதர' என்பது எஞ்சும். குறியேற்றச் சோதனையில் இது குறையற்றது. புள்ளி மட்டும் இல்லை. புள்ளியிடாமல் எழுதும் ஏட்டு வழக்கை அறிந்த ஆய்வாளர், இதனை மூல ஏட்டின் வடிவம் என்றே கொள்ளவும் கூடும். பாடத் திறனாய்வுக்கு இத்தகைய அமைதியான இழப்பே மிகப் பெரிய இடர்.

7. தீர்வுக்கான நெறிகள்

நினைவகத்தைப் பெருக்குவதால் இச்சிக்கல் தீராது. நிலையளவுகளை நீக்கினால் துண்டாக்கம் திரும்பும். குறியேற்றத்தை மாற்றுவது ஒரு வழியாகத் தோன்றலாம். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்ற தமிழ் அனைத்து எழுத்துரு 16 பிட் குறியேற்றத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியெண் உண்டு. அதனை யூடிஎஃப்-8 வடிவில் எழுதினால் எழுத்தொன்றுக்கு 3 பைட்டு. 'குற்றாலம்' 15 பைட்டாகி, செயல்முறைப் பெயருக்குரிய இடத்தில் மிகச் சரியாக அடங்கும். ஆயினும் அக்குறியெண்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தவை. அக்குறியேற்றத்துக்கென அமைந்த எழுத்துருவும் மென்பொருளும் இல்லாத கணினியில் அவை தமிழெனக் கொள்ளப்படா. எனவே பொதுப் பரிமாற்றத்துக்கு ஒருங்குறியே நிலைபெற்றுள்ளது.

இந்நிலையில் மின்னுருவாக்கப் பணிகளில் பின்வருவன கைக்கொள்ளத்தக்கவை.

முதலாவது, கோப்புப் பெயர் குறுகிய அடையாள எண்ணாக அமைதல் வேண்டும். ஆசிரியர், நூல், படலம் முதலிய விவரங்கள் கோப்பினுள்ளோ தனி அட்டவணையிலோ தமிழில் இடம்பெறலாம்.

இரண்டாவது, பாடத்தைப் படிக்கும் நிரல், இடையகத்தின் இறுதியில் எஞ்சும் அரைகுறைப் பைட்டுகளை அடுத்த வாசிப்பின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொடரோட்டமாகக் குறிநீக்கும் வசதி பெரும்பாலான நிரல்மொழிகளில் உண்டு.

மூன்றாவது, புலத்தின் நீளத்தைக் குறுக்க நேர்ந்தால் பைட்டெல்லையிலோ குறியெண் எல்லையிலோ வெட்டாமல், உயிர்மெய்யையும் புள்ளி பெற்ற மெய்யையும் ஓரலகாகக் கொண்ட எழுத்தெல்லையில் வெட்டுதல் வேண்டும்.

நான்காவது, ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் ஒற்றைக் குறியெண்ணாகவும் இரட்டைக் குறியெண்ணாகவும் எழுதப்படக்கூடியவை. 'கோ' ஒரு வடிவில் 6 பைட்டும் மற்றொரு வடிவில் 9 பைட்டும் கொள்ளும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டும் தேடலில் பொருந்தாமல் போகக்கூடும். சேமிக்கும் முன் ஒரே வடிவுக்குக் கொணர்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, படியெடுத்த பின் கோப்புகளின் எண்ணிக்கையையும் சரிபார்ப்புத் தொகையையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஏட்டைப் படியெடுத்தவர் மூலத்தோடு ஒப்புநோக்கிய மரபின் தொடர்ச்சி இது.

8. முடிவுரை

வெற்றிடத்தின் மொத்த அளவு வேறு, பயன்படும் வெற்றிடம் வேறு என்பதை நினைவகத் துண்டாக்கம் உணர்த்துகிறது. அதனைத் தவிர்க்கவே இணைத்தொகுதியும் ஒருபொருள் தொகுப்பும் நிலையளவு இடையகங்களும் எழுந்தன. அவ்விடையகங்கள் பைட்டை அலகாகக் கொண்டன. தமிழோ எழுத்தை அலகாகக் கொண்ட மொழி. ஓர் எழுத்து ஒரு பைட்டாகும் மொழிக்கு இவ்விரண்டும் ஒன்றே ஆதலால் வேறுபாடு புலப்படவில்லை. தமிழில் 16, 32, 255, 4096 ஆகிய ஒவ்வோர் எல்லையிலும் அது புலப்படுகிறது. கூடுதல் நினைவகச் செலவு சிறிது, எழுத்திழப்பு அரிது. ஆயினும் அவ்வரிய இழப்பு அறிவிப்பின்றி நிகழ்கிறது. குற்றாலத் தலபுராணத்தின் மின்பாடத்தில் ஒரு புள்ளி இல்லையெனில், அது ஏட்டில் இல்லாததா, இடையகத்தில் உதிர்ந்ததா என்று வினவும் கடமை இனிப் பதிப்பாசிரியர்க்கு உண்டு. மின்பாடம் உருவான வழியையும், அதனைக் கையாண்ட நிரல்களையும், செய்த சரிபார்ப்புகளையும் பதிப்புரையில் குறித்தல், அவ்வினாவுக்கு விடை காணும் முதற்படியாகும்.